குளவி போட்ட வட்டம்

எலும்பு டாக்டர் சொன்னதை ஏணி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. டாக்டர் நல்ல மனிதர். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். தொடைக்குள் வைத்த கம்பியைச் சுற்றிச் சீழ் பிடித்திருக்கிறது. மூன்று மருந்து மாற்றியும் கிருமி மசியவில்லை. இனியும் விட்டால் அது ரத்தத்தில் ஏறிவிடும். ஆகவே வலது காலை இடுப்புக்குச் சற்றுக் கீழே எடுத்துவிட வேண்டும். ஏணி பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஜன்னலோரம் நின்ற அக்காவைக் கை காட்டினான்.

"அதெல்லாம் வேணாம் டாக்டர். எங்கக்காகிட்ட மருந்து இருக்கு."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஏணி என்பது தெரு வைத்த பெயர். ஆளும் உயரம், தொழிலும் ஏணியோடுதான். வீட்டுக் கூரையிலும் கிடங்கு உத்தரத்திலும் கட்டிய குளவிக்கூடுகளை இறக்குகிறவன். புகை போட்டுக் கொன்றுவிட்டுக் கூலி வாங்கிப் போகிறவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இவன் கொல்ல மாட்டான். கூட்டின் மேல் பையைப் போட்டு மூடி, மேலே தகட்டை விட்டு அறுத்து, உயிரோடு பெட்டியில் இறக்குவான். பெட்டியின் மேல் தடித்த பேனாவால் 'ஏணி' என்று எழுதி, அதன் கீழே 'அவசரம்' என்று இரண்டு கோடு போட்டு எழுதுவான். ஆய்வுக்கூடத்து வாசல் காவலாளி ஒருமுறை ஒரு பெட்டியை வெயிலில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய், உள்ளே இருந்த அத்தனையும் செத்துப்போனதிலிருந்து இந்த ஏற்பாடு. பெட்டி போய்ச் சேரும் இடம் அக்கா வேலை பார்க்கும் ஆய்வுக்கூடம்.

குளவி கொட்டினால் அரை நாள் வீங்கிக் கிடக்கிறோமே, அந்த விஷத்துக்குள் பெப்டைடு என்று சின்னச் சின்னப் புரதத் துணுக்குகள் இருக்கின்றன. அவை கிருமியின் மேல்தோலில் போய் ஒட்டி ஓட்டை போட்டுவிடும். மருந்துக்கு அடங்காத கிருமிகூட இதற்குச் செத்துப்போகும். செடிகளிடமும் இதே மாதிரி சரக்கு உண்டு. அக்காவின் மேசையில் ஒரு பக்கம் குளவிப் பெட்டி என்றால் மறுபக்கம் அந்திமந்தாரை விதை இருக்கும். பெட்டியைக் குளிர்பதனப் பெட்டிக்குள் பத்து நிமிஷம் வைத்தால் குளவிகள் மயங்கிக் கிடக்கும். ஒவ்வொன்றையும் லென்சுக்கு அடியில் வைத்து, இடுக்கியால் விஷப்பையை உருவி எடுக்க வேண்டும். நூறு குளவிக்கு ஒரு சொட்டு தேறினால் பெரிய காரியம். அதில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பிறகு மெஷினிலேயே செய்துகொள்ளலாம்.

செய்ததைச் சோதிக்க இரண்டு வழி. முதலாவது வட்டம். கிருமி பரவிய தட்டில் ஒரு சொட்டு விட்டு வைத்தால், மறுநாள் காலையில் சொட்டு விழுந்த இடம் மட்டும் கிருமியே இல்லாமல் வட்டமாகத் தெளிந்திருக்கும். பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். இரண்டாவது டியூப். மனித ரத்தத்தின் சிவப்பணுக்களை உப்புநீரில் கலந்து, அதே மருந்தை விட்டு, ஒரு மணி நேரம் கழித்துச் சுழற்றிப் பார்க்க வேண்டும். அணுக்கள் உடையாமல் இருந்தால் அடியில் சிவப்புப் பொட்டாக உட்கார்ந்துவிடும், மேலே தண்ணீர் தெளிவாக இருக்கும். உடைந்திருந்தால் டியூப் முழுக்க சர்பத் நிறம். கிருமியை உடைக்கிற துணுக்கு மனிதனின் ரத்தத்தையும் உடைத்தால் அது மருந்தில்லை, வெறும் விஷம்தான். 'வட்டத்தை மட்டும் காட்டுறவ பாதிப் பொய் சொல்றா' என்று ஆய்வுக்கூடத்து மேடம் புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வார்.

பதினாறு வருஷம் அங்கே குப்பை கொட்டிய அக்காவுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தும்தான் செய்தாள்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஏணி ஒரு சரக்குக் கிடங்கின் கூரையிலிருந்து பானை அளவு கூடு ஒன்றை இறக்கிக்கொண்டு வந்தான். அதிலிருந்து கிடைத்த துணுக்குக்கு நாற்பத்தொன்று என்று எண் போட்டார்கள். அது போட்ட மாதிரி வட்டத்தை அக்கா அதுவரை பார்த்ததில்லை. ஆசை யாரை விட்டது? தம்பியைக் கூப்பிட்டுத் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். "பாருடா, உன் குளவி போட்ட வட்டம். எந்த மருந்துக்கும் சாகாத கிருமி இது. எப்படித் தொடச்சுப் போட்டிருக்கு பாரு."

அவன் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். கூடு இறக்குகிறவன் என்று யாரும் அவனை உட்காரச் சொன்னதில்லை; வேலை முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு கிளம்புகிறவன். அன்று அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டான். வீட்டுக்குப் போய்த் தையல் மெஷினில் இருந்த பொண்டாட்டியை எழுப்பி நிறுத்திச் சொன்னான்.

மறுநாள் மதியம் டியூப் பார்த்தார்கள். ரத்தம்கூட அவனுடையதுதான். ஆய்வுக்கூடத்துக்கு ரத்தம் கொடுக்கிற நாலைந்து பேரில் அவனும் ஒருவன். கையெழுத்துப் போட்டு, சட்டைக் கையை மடித்து, "ராஜ ரத்தம், சிந்தாம எடுங்க" என்று நக்கல் அடித்துவிட்டுப் போவான். டியூப் சர்பத்தாக நின்றது. ஓர் அணுகூட மிஞ்சவில்லை.

அதை அவனிடம் எப்படிச் சொல்வது? நேற்றுத்தான் அப்படிக் குதித்துவிட்டுப் போனான். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று அக்கா விட்டுவிட்டாள். அந்த அப்புறம் வரவே இல்லை. ஒன்றரை வருஷமாக அவன் யாரைப் பார்த்தாலும் "எங்கக்கா என் குளவியில மருந்து கண்டுபிடிச்சிருக்கா" என்றான், அவளும் பக்கத்தில் நின்று சிரித்து வைத்தாள்.

கடைசியில் அவனைக் கீழே தள்ளியது குளவி இல்லை. ஏணியின் பூட்டு நழுவி இரண்டாம் மாடி உயரத்திலிருந்து விழுந்தான். தொடை எலும்பு இரண்டு துண்டு. கம்பி வைத்தார்கள். பத்தாம் நாள் சீழ் வந்தது.

காலை எடுக்க வேண்டும் என்று சொன்ன அன்று டாக்டர் அக்காவை வராந்தாவுக்குக் கூட்டிப் போனார். "என்னம்மா மருந்து அது?"

அக்கா உண்மையைச் சொன்னாள். டாக்டரிடம் சொல்ல அவளுக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. வட்டம் வரும், டியூப் சிவக்கும், மனிதர்களுக்குக் கொடுக்க முடியாது என்று மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டாள்.

"இதை அப்படியே உங்க தம்பிகிட்ட சொல்லுங்க. நான் சொன்னா கேக்க மாட்டேங்குறார். இன்னைக்கே சொல்லுங்க. நாளைக்குன்னு தள்ளாதீங்க."

"சொல்றேன் டாக்டர்."

சொல்லத்தான் உள்ளே போனாள். போனால், ஏணி நர்ஸை மயக்கி ஒரு டியூப் ரத்தம் எடுக்க வைத்து, படுத்தபடியே அதன் லேபிளில் எழுதிக்கொண்டிருக்கிறான். ஏணி, அதன் கீழே அவசரம், இரண்டு கோடு.

"புடி. எனக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி என் ரத்தத்துலயே பாத்துடு. எப்பவும் பாப்பீங்கல்ல?"

கட்டிலின் மறுபக்கம் அவன் பொண்டாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "கால் போயிடுமோன்னு நேத்தெல்லாம் ஒரே புலம்பல் அண்ணி. ஒத்தக் காலோட எப்படி ஏணி ஏறுவேன்னு. நான்தான் சொன்னேன், அண்ணி இருக்கும்போது உங்களுக்கு என்ன பயம்னு."

வாய் வரைக்கும் வந்ததை அக்கா விழுங்கினாள். டியூப் கைக்குள் கதகதவென்று இருந்தது. அதை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, "வரேன்டா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

முழுக்க ஏமாற்று வேலை என்றும் சொல்லிவிட முடியாது. ஆய்வுக்கூடத்தில் நாற்பத்தொன்றை மேடம் திருத்திக்கொண்டிருந்தார். அந்திமந்தாரையின் துணுக்கு சாது, ரத்தத்தைத் தொடாது, ஆனால் உப்பு பட்டால் சுருண்டுவிடும், குளவியுடையது வெறிபிடித்தது. அந்திமந்தாரைத் துணுக்கின் சங்கிலியிலிருந்து இரண்டு கண்ணியை எடுத்துக் குளவியுடையதில் பொருத்தினால் வெறி அடங்குமா என்று பார்க்க இரண்டு உருப்படி வரிசையில் இருந்தன. முதலாவது நாளை மறுநாள் தயாராகிவிடும்.

"டியூப் தெளிஞ்சா, வேற வழியே இல்லாதவங்களுக்குன்னு விசேஷ அனுமதி கேக்கலாம்ல மேடம்?" என்றாள் அக்கா.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "கேக்கலாம். எலியில கூட பாக்காததை யாரு குடுப்பாங்க? தப்பா நெனைக்காதே. நீ மெஷினைப் பாத்துக்கிட்டு நிக்காதே. போய் அவன்கிட்ட பேசு."

அவள் போகவில்லை. டாக்டர் கொடுத்தனுப்பியிருந்த தம்பியின் கிருமியைத் தட்டில் பரப்பினாள். பழைய நாற்பத்தொன்றிலிருந்து ஒரு சொட்டு வைத்தாள். அவன் ரத்தத்தில் காப்புத் திரவம் சேர்த்துக் குளிர்பதனப் பெட்டியில் பத்திரப்படுத்தினாள். கை வேலையில் இருக்கும்வரை யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை அல்லவா?

மறுநாள் காலை வட்டம் வந்திருந்தது. தம்பியின் தொடையைத் தின்றுகொண்டிருந்த அதே கிருமி, தட்டில் ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்கு அழிந்து கிடந்தது. அதைப் பார்த்து அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இங்கே சாகிறாயே, அங்கே செத்தால் என்னடா உனக்கு?

வார்டுக்குப் போனதும் அவன் கேட்டது ஒரே கேள்விதான். "வட்டம் வந்துதா?"

"வந்துது."

இரண்டாம் முறையும் பாதியைத்தான் சொன்னாள். அவன் முழங்கையை ஊன்றி எழுந்து, வார்டில் இருந்த அத்தனை பேரிடமும், "கேட்டீங்களா, வந்துடுச்சாம்!" என்றான். உடம்பு கொதித்தது. கண்ணில் ஜுரப் பளபளப்பு. அக்கா ஈரத்துணியை நெற்றியில் போட்டுவிட்டு, அவன் பேசுவதற்கெல்லாம் ம் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வராந்தாவில் டாக்டர் மறித்தார். "சொன்னீங்களா?" "நாளைக்கு ஒரு சோதனை இருக்கு டாக்டர். அது முடிஞ்சதும்..." டாக்டர் திட்டவில்லை. தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக நகர்ந்து போனார்.

மூன்றாம் நாள் மதியம் திருத்திய முதல் உருப்படி வந்தது. தம்பியின் ரத்தத்தைக் கழுவி, உப்புநீரில் கலந்து, மருந்தை விட்டு, வெந்நீர்த் தொட்டியில் ஒரு மணி நேரம் வைத்தாள். அந்த ஒரு மணி நேரமும் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. பெற்ற தாய் போனபின் இடுப்பில் தூக்கிச் சுமந்த பிள்ளை. அவன் காலை அல்ல, உயிரையே அந்தத் தொட்டிக்குள் வைத்திருப்பதாக அவளுக்குத் தோன்றியது. சுழற்றி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

சர்பத்.

மேடம் தோளில் கை வைத்தார். "இப்பவாவது போ."

ஓடினாள். ஏணி நடுங்கிக்கொண்டிருந்தான், இரண்டு போர்வை போட்டும் பல் கிட்டியது. அவனைப் பார்த்ததும் இன்னும் தள்ளிப்போட அவளுக்குத் துணிச்சல் இல்லை.

"டியூப் செவந்துபோச்சுடா."

"செவந்தா என்ன?"

"நீ குடுக்கிற ரத்தத்துல மருந்தை விட்டுப் பாப்போம்ல. கிருமியை ஒடைக்கிற மாதிரியே ரத்தத்தையும் ஒடைச்சுடுது. உனக்கு ஏத்தினா உன்னையே கொன்னுடும். அது மருந்தில்லைடா."

"இப்பதான் தெரிஞ்சுதா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம். மூன்றாம் முறை பாதியைச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

"மொத தடவையே தெரியும். உனக்குத் தட்டைக் காட்டினேன்ல, அதுக்கு மறுநாளே."

ஏணி மேலே பார்த்தான். சுவரைப் பார்த்தான். பொண்டாட்டி அவன் கையைப் பிடித்திருந்தாள்.

"ஏன்க்கா சொல்லல?"

"நீ ரொம்ப சந்தோஷமா இருந்தேடா."

அவன் கோபப்பட்டிருந்தால் தேவலை. கத்தியிருந்தால், கையில் கிடைத்ததை விட்டெறிந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். அவன் கணக்குச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னான். "முந்தாநேத்தே சொல்லியிருந்தா, முந்தாநேத்தே சரின்னிருப்பேனேக்கா."

அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கேவிக் கேவி அழுதாள், பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து பார்க்கிற அளவுக்கு. நடுங்குகிற கையால் அவன் அவள் தலையில் தட்டினான்.

"சரி சரி, எடுக்கச் சொல்லு. அழாதே. நீ அழுதா குளவி கொட்டின மாதிரி மூஞ்சி வீங்கிடுது."

அவளிடம் அவன் கடைசியாகச் சொன்னது அதுதான். அன்று மாலையே காலை எடுத்தார்கள். ஆபரேஷன் நடக்கும்போது அவன் பொண்டாட்டி பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து அவனுடைய பேண்ட்டை எடுத்து வலது கால் துணியை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். தையல்காரி, கை சும்மா இருக்காது. கிருமி அதற்குள் ரத்தத்தில் ஏறியிருந்தது. அவனுக்கு நினைவு திரும்பவில்லை. நாலாம் நாள் போய்விட்டான். அந்தப் பேண்ட்டை அவன் ஒரு நாள்கூடப் போடவில்லை.

டாக்டர் ஆறுதலுக்காக, முதல் நாளே எடுத்திருந்தாலும் பிழைத்திருப்பாரா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அக்கா தலையை ஆட்டினாள். உறுதியாகச் சொல்ல முடியாது என்பதைப் பிடித்துக்கொண்டு மீதி வாழ்க்கையை எப்படி ஓட்டுவது?

எட்டாம் நாள் அக்கா போய் அவன் பொண்டாட்டிக்கு எதிரில் உட்கார்ந்து, டாக்டர் வராந்தாவில் சொன்னது, மேடம் சொன்னது, தான் மூன்று நாள் தள்ளிப்போட்டது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். திட்டட்டும் என்றுதான் சொன்னாள். அவள் தையல் மெஷின் சக்கரத்தைக் கையால் தடவிக்கொண்டே கேட்டாள். பிறகு, "அவரு மொத நாளே பாதி மனசா இருந்தாரு அண்ணி. கால் போனா போகட்டும்னுகூட ஒரு தடவை சொன்னாரு. நான்தான் விடல. அண்ணி சொன்னா சரியா இருக்கும்னு நான்தான் சொன்னேன்" என்றாள். தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அக்கா குடித்துவிட்டு வந்தாள்.

பத்து நாள் கழித்து வேலைக்குத் திரும்பினாள். மேடம், "இன்னும் கொஞ்சம் நாள் இரேன்" என்றார். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்றாள் அவள். காவலாளி அவளைக் கண்டதும் எழுந்து நின்றான். மேசையில் திருத்திய இரண்டாவது உருப்படி வந்து காத்திருந்தது. வெள்ளைப் பொடி, விரல்நகத்தில் அள்ளக்கூடிய அளவு. வட்டம் முன்பே பார்த்துவிட்டார்கள், நன்றாக வந்திருந்தது. டியூப்தான் பாக்கி.

ரத்தத்துக்காகக் குளிர்பதனப் பெட்டியைத் திறந்தாள். ஒரே ஒரு டியூப்தான் இருந்தது. காப்புத் திரவத்தில் ரத்தம் தாங்கும் கெடு முடிய இன்னும் மூன்று நாள்.

"அது வேணாம்மா. நான் தரேன், என் கையில எடு" என்றார் மேடம்.

"இல்ல மேடம். பாக்கறதுக்குன்னுதான் குடுத்தான்."

கழுவினாள். கலந்தாள். மருந்தை விட்டாள். ஒரு மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். சுழற்றி எடுத்து, அன்று தட்டைப் பிடித்துக் காட்டிய அதே ஜன்னலில் டியூபைப் பிடித்தாள்.

மேலே தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. அடியில், ஊசித் தலை அளவுக்குச் சிவப்புப் பொட்டு. ஒன்றுகூட உடையவில்லை.

மேடம் ஓடிவந்து பார்த்தார். பதினாறு வருஷத்தில் இப்படி ஒன்று வந்ததில்லை. அவர் முகம் மலர்ந்தது, உடனே யாருடைய ரத்தம் என்று நினைவு வந்து அப்படியே நின்றது. தொட்டிப் பக்கம் திரும்பிக் குழாயைத் திறந்து, கழுவின கையையே திரும்பத் திரும்பக் கழுவத் தொடங்கினார்.

அக்கா டியூபை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். "ஒடையலடா" என்றாள். "பாரு தம்பி, ஒண்ணுகூட ஒடையல." இதுவும் மருந்தாக இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். எலி இருக்கிறது, அனுமதி இருக்கிறது, நடுவில் எங்கேயாவது இதுவும் கவிழ்ந்து போகலாம். இந்த முறை அதையும் சேர்த்துச் சொன்னாள், ஒன்றையும் மறைக்காமல், வாய்விட்டு.

பிறகு மீதி ரத்தம் இருந்த டியூபை எடுத்து, திரும்பக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கப் போனாள். லேபிளில் மை கொஞ்சம் ஊறியிருந்தது. ஏணி என்று இருந்தது. அதன் கீழே, இரண்டு கோடு போட்டு, அவசரம்.